ஆறு மணிக்குப் பார்த்த மூச்சு

பிற்பகல் நாலே கால் மணி. பேக்டரிக்குப் போகும் பாதையின் இரண்டாவது வளைவில் நான் முதலில் பார்த்தது பச்சைக் கொழுந்து. பாதை முழுக்க, ஓரத்து ஓடை வரைக்கும் கொட்டிக் கிடந்தது. இரண்டு பெண்கள் குனிந்து அதை அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மிதிபட்ட கொழுந்தை பேக்டரியில் எடுக்கமாட்டார்கள். அவர்களுக்குப் பின்னால்தான் டிராக்டர் தெரிந்தது. அதன் டிரெய்லர் ஒரு சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு ஓடைப்பக்கம் சாய்ந்திருந்தது. அதற்கும் பின்னால் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். கூட்டத்தின் நடுவில் என் அக்கா மகன் கிடந்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஏப்ரல் மாதம், பள்ளிக்கூட விடுமுறை. போடியில் இருந்துகொண்டு மதுரையிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்கு நான் பகுதிநேர நிருபராக இருந்தேன். அக்காவைக் கேரளத்தில் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளும் அத்தானும் அங்கே வேலை பார்த்தார்கள். மகனுக்கு எட்டு வயது. அன்று காலை பஸ்ஸில்தான் அவர்களைப் பார்க்க மலையேறி வந்திருந்தேன்.

எடை போட்ட கொழுந்து மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து பேக்டரி வரை போவது தோட்டத்துப் பிள்ளைகளின் விடுமுறைச் சவாரி. அதைத் தடை செய்து எடைக்கூடத்தில் மலையாளத்திலும் தமிழிலும் பலகை மாட்டியிருந்தார்கள். அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுதான் பிள்ளைகள் ஏறுவார்கள். அன்று டிராக்டர் ஓட்டியது அத்தானின் தம்பி. இருபத்தோரு வயது. பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, அவரைச் சிறுவயதிலிருந்து தூக்கி வளர்த்தது அத்தான்தான். தற்காலிக டிரைவராக இருந்தவருக்கு மே மாதம் வேலை ஸ்திரமாகும் என்று பேச்சு இருந்தது. நிரந்தர வேலைக்கு அங்கே எல்லோரும் சொல்லும் வார்த்தை அது.

வளைவில் பின்சக்கரம் ஓடையில் இறங்கியிருக்கிறது. டிரெய்லர் சாய்ந்ததில் பையன் கீழே விழ, அவன் மேல் மூட்டைகள் விழுந்திருக்கின்றன. நான் போனபோது மூட்டைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். வலது தொடை, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. காதுக்கு மேல் பிளந்து ரத்தம் வடிந்தது. சட்டையைத் திறந்து பார்த்தேன். மார்பில் காயமே இல்லை. சணல் சாக்கின் நெசவு மட்டும், துணியில் அச்சுக் குத்தியது போல, தோலில் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவன் அழவில்லை. "பாத்தீங்களா, அழக்கூட இல்ல, பெருசா ஒண்ணுமிருக்காது" என்றாள் கொழுந்து அள்ளிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி.

கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் மலையாளி. ஐம்பது வயதிருக்கும். தொழிலாளர்களிடம் தமிழில்தான் பேசுவார், பாதியில் அது மலையாளமாகிவிடும். தலையைத் தைத்தார். தொடைக்குப் பலகை வைத்துக் கட்டினார். அந்த வேலை வேகமாக முடிந்தது. அதற்குப் பிறகு மார்புக்குத்தான் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், எக்ஸ்ரே படம் எடுத்து ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அத்தானையும் என்னையும் மட்டும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். அக்கா கட்டிலருகே இருந்தாள்.

"காலு பேடிக்க வேண்டா. அது கூடிக்கும்" என்றார். "எனிக்கு பேடி நெஞ்சுதான்." பேடி என்றால் பயம்.

"படத்துல ஒண்ணும் தெரியலையா சார்?" என்றேன்.

"படம் சுத்தம். முதல் நாள் சுத்தமாத்தான் இருக்கும். நம்மள மாதிரி பெரியவங்களுக்கு இத்தரையும் பாரம் மேல விழுந்தா வாரியெல்லு ஒடியும். ஒடிஞ்சா நமக்குத் தெரியும்." விலா எலும்பைத்தான் அப்படிச் சொன்னார். "குட்டிகளோட எல்லு பச்சக் கம்பு மாதிரி. வளைஞ்சு, திரும்ப நேரா நிக்கும். அடி மட்டும் உள்ள போய் ஸ்வாசகோசத்தில, நுரையீரல்ல, இருக்கும். மெல்ல மெல்ல அங்க நீர் எறங்கும்."

"எவ்வளவு அடின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அதாணு விஷயம். நாளைக்குக் காலைல யாரு வேணாலும் கண்டுபிடிப்பாங்க. பக்ஷே அப்போ இவனை போடி எறக்கத்தில மதுரைக்குக் கொண்டுபோக முடியாது. வழி தாங்க மாட்டான். இன்னைக்குன்னா தாங்குவான். அதனால நாளைக்கு என்ன ஆகும்னு இன்னைக்கே பறையணும்."

ஒரு நிருபருக்கு மனத்தில் அப்படியே பதிந்துவிடும் வாக்கியங்கள் உண்டு. எனக்கு அவற்றில் ஒன்று அது. அத்தான் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டார்.

இன்றைக்கே சொல்ல டாக்டரிடம் ஒரு வழி இருந்தது. ஆஸ்பத்திரிக்கு முன்னால் உள்ள மைதானத்தில் தோட்டத்துப் பையன்கள் தினமும் சடுகுடு ஆடுவார்கள். பல வருடங்களாக ஜன்னல் வழியாக அதைப் பார்த்தவர் அவர். மூச்சுக்கோளாறு உள்ள பிள்ளைகளை ஒரே மூச்சில் சடுகுடு சொல்லச் சொல்லி, கையில் பாக்கெட் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்வார். வேறு ஊரில் என்றால் எண்ணச் சொல்லியிருப்பார். இங்கே பிள்ளைகள் எண்ணுவதற்குக் கூச்சப்படுவார்கள், சடுகுடுவுக்குக் கூச்சப்பட மாட்டார்கள்.

"மோனே, ஒற்றை மூச்சு. பறை."

பையன் சொன்னான். வலியில் முகம் சுருங்கியது. சடுகுடு சடுகுடு என்று ஓடிய குரல் ஓரிடத்தில் வெட்டினாற்போல் நின்றது. டாக்டர் கடிகாரத்தை மூடினார்.

"ஆறு மணிக்கு இனியும் ஒரு தடவை நோக்கும். இதைவிடக் குறைஞ்சா அப்பவே மதுரைக்கு. குறையல்லேன்னா இங்கயே வெச்சுப் பார்க்கலாம்."

வராந்தாவில் அத்தான் என் கையைப் பிடித்தார். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. "மாப்ள, ஆறு மணி வரைக்கும் சும்மா நிக்கக் கூடாது. நீ போயி ஆபீஸ்ல ஜீப்பப் பிடிச்சு வை. நீ பேப்பர்காரன், நீ கேட்டா குடுப்பாவ. டாக்டர் சொன்ன நிமிசம் கெளம்பணும்லா?"

அக்காவிடம் வந்து, "நீ லயத்து வீட்டுக்குப் போயி அவன் துணிமணி, கம்பளி எல்லாம் கட்டி எடுத்துட்டு வா. மதுரையில எத்தன நாளு ஆவுமோ" என்றார்.

"நான் போயிட்டா அவன் தேடமாட்டானா?"

"எம் மவன்லா. தேடமாட்டான். ஓடிட்டு ஓடி வா."

எங்கள் இருவருக்கும் அப்போது அவர்மேல் வந்தது மரியாதை. இப்படி ஒரு நேரத்தில் நிதானம் தவறாமல் வேலை பிரித்துக் கொடுக்கிற மனிதர் என்று நான் நினைத்தேன். அக்கா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏற்றத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

தோட்டத்து ஆபீஸில் தலைமை கிளார்க் என்னை ஏற்கெனவே அறிவார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர், கேலிக்காரர்.

"வாங்க நிருபரே. ஜீப் தரலைன்னா நாளைக்கு முதல் பக்கமா?"

"முதல் பக்கத்துக்கு ஜீப் பத்தாது சார். யானை வேணும்."

சிரித்தார். சாவியை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, குரலைத் தணித்தார். "பையனுக்காகத் தர்றேன். ஆனா ஒண்ணு. நம்ம ஆஸ்பத்திரின்னா நம்ம வீட்டோட போச்சு. மதுரை பெரியாஸ்பத்திரின்னா வாசல்லயே போலீஸ் உக்காந்திருப்பான். எப்படி விழுந்தான், யாரு ஓட்டுனான்னு எழுதிருவான். ஒங்க மச்சானுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு நினைக்கிறேன். அவர்தான் ஜீப் கேட்கச் சொன்னார்."

"அப்ப பெரிய மனுசன்தான்" என்று சாவியைத் தள்ளினார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஜீப்போடு திரும்பினேன். பெட்ரோல் போட்டாயிற்று. பின்சீட்டைக் கழற்றிப் பலகை போட்டாயிற்று. அக்கா துணி மூட்டையோடு கட்டிலருகே நின்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. அத்தான் கட்டிலின் தலைமாட்டில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் வந்து முதலில் பையனின் வயிற்றைப் பார்த்து மூச்சுகளை எண்ணினார். "இது கொஞ்சம் ஓட்டமா இருக்கு" என்றார்.

"பயந்து போயிருக்கான் சார்" என்றார் அத்தான்.

"ஆயிருக்கும். சரி மோனே. பாடு."

பையன் தொடங்கினான். சடுகுடு சடுகுடு சடுகுடு. முதல் தடவை வெட்டி நின்ற இடத்தைத் தாண்டியது. இன்னும் போயிற்று. நடுநடுவே குரல் தொண்டைக்குள் இறங்கி முனகலாகி, மறுபடி மேலே வந்தது. வலி என்று நினைத்தேன். அத்தானின் ஆள்காட்டி விரல் கம்பியில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. பதற்றம் என்று நினைத்தேன். இரண்டையும் அவ்வளவு துல்லியமாகப் பார்த்தேன், இரண்டுக்கும் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. நான் அந்த மைதானத்தில் ஆடி வளர்ந்தவன் இல்லை.

டாக்டரின் முகம் தெளிந்தது. "நன்னாயி! முன்னத்தக்காள் நீளம். மிடுக்கன்." முந்தியதைவிட மூச்சு நீளம், மதுரை வேண்டாம், இங்கேயே பார்க்கலாம் என்றார்.

அந்தச் செய்தியை அக்காவுக்கு நல்ல தமிழில் விளங்கச் சொன்னது நான். நுரையீரலில் அடி இறங்கவில்லையாம், கால் மட்டும்தானாம் என்றேன். அவள் மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "இதுக்குப் போயி பூராத் துணியையும் அள்ளியாந்தேனே, லூசு மாதிரி" என்றாள். அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். தகப்பன் மனம் என்று எடுத்துக்கொண்டேன். ஜீப்பைத் திருப்பி அனுப்பினேன்.

விடியும்போது பையனின் உதடு சாம்பல் படிந்த நீலத்தில் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கு விடைத்தது, விலாக்களின் இடைவெளி பள்ளமாக உள்ளே போனது. "ம்மா" என்பதைக்கூட ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. துப்பினால் வெற்றிலை எச்சிலைக் கழுவிவிட்ட மாதிரி வெளிறிய சிவப்பில் நுரை வந்தது. டாக்டர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பார்த்த உடனே நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "ஞான் பாட்டை நம்பிப் போச்சு" என்றார். யாரிடமும் இல்லை, தனக்குத்தான்.

போகக் கூடாத நிலையில் போனோம். ஆஸ்பத்திரியில் இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரை ஜீப்பில் கயிறு போட்டுக் கட்டி, டாக்டரும் ஏறிக்கொண்டார். அக்கா முகமூடியை மகனின் முகத்தோடு அழுத்திப் பிடித்திருந்தாள். போடிமெட்டு சோதனைச் சாவடியில் காவலர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கட்டையைத் தூக்கினார். இறக்கத்தில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டாக்டர் பையனை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு டிரைவரை மலையாளத்தில் திட்டினார். அத்தான் வரவில்லை. மறுநாள் வருவதாகச் சொன்னார்.

மதுரையில் பையன் பிழைத்துக்கொண்டான். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஆக்ஸிஜன், காலுக்கு எடைக்கல், கையில் ஊசி. இரண்டு தடவை எங்களை வெளியே போகச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா வராந்தாத் தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். அங்கிருந்த டாக்டரம்மா இளவயது, கறாரானவர். முந்தின நாள் மாலையிலேயே கொண்டு வந்திருந்தால் இந்தப் பாடு பாதியாவது குறைந்திருக்கும் என்றார். எங்கள் டாக்டர் அதைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டு மலையேறினார்.

கூடாரத்தை எடுத்த பிறகு ஒரு காலை வேளையில் டாக்டரம்மா கட்டிலருகே வந்தார். நான் இந்தப் பக்கம் ஸ்டூலில் இருந்தேன். அக்கா அந்தப் பக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, மூச்சை நல்லா இழுத்துக்கிட்டு, விடாம 'ஆ'ன்னு சொல்லு பாப்போம். எவ்வளவு நேரம் முடியுதோ அவ்வளவு நேரம்."

பையன் அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மாமா, நெசமாச் சொல்லணுமா, அப்பா சொன்ன மாதிரிச் சொல்லணுமா?"

"அப்பா எப்படிடா சொல்லச் சொன்னாரு?" என்றேன்.

"கள்ள மூச்சு விட்டு."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அவன் ஒரு வாத்தியாரைப் போல விளக்கினான். 'டு' சொல்லும்போது தொண்டைக்குள் முனகிக்கொண்டே மூக்கால் இழுத்துவிட வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட பாட்டு அறுந்தது தெரியாது. தோட்டத்து அணியில் எல்லோரும் அப்படித்தான் ஆடுவார்களாம். அதில் பெரிய கை அவன் அப்பாதானாம். கள்ள மூச்சை அங்கே யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை, ஆட்டத்தின் ஒரு பகுதி என்றுதான் நினைக்கிறார்கள். ஜன்னலில் நின்று இத்தனை வருடம் பார்த்த டாக்டருக்கு அது தெரியவில்லை.

"அன்னைக்கு ஒங்கம்மாவும் நானும் வந்தப்புறந்தான சொன்ன?" என்று கேட்டேன்.

"ஆமா. அதுக்கு முன்னாடி அப்பாவும் நானும் பழகுனோம். எப்ப இழுக்கணும்னு அப்பா கம்பியில தட்டும். மதுரைக்குப் போனா சித்தப்பாவப் போலீஸ் புடிச்சிரும்ல, அதான்."

அக்கா ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தவில்லை. கடைசிச் சுளை வரை நார் எடுத்து, தட்டில் வைத்து, மகனுக்கு ஒன்று ஊட்டினாள். டாக்டரம்மா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அத்தான் நடுவில் இரண்டு முறை வந்து போயிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது முறையாக வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். மகனின் தலையைத் தடவிவிட்டு, "என்னல, எப்ப எந்திரிச்சு ஓடப்போற?" என்றார். பையன் சிரித்தான். அக்கா எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். நானும் வந்தேன். அத்தான் பின்னால் வந்தார்.

"ஏங்க, அன்னைக்கு என்னையத் துணி எடுக்க எதுக்கு அனுப்புனீங்க?"

அத்தான் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

"காலு மட்டுந்தான்னு நெனச்சேன்" என்றார்.

"டாக்டர் நம்ம ரெண்டு பேருகிட்டயும்தான் சொன்னாரு அத்தான்" என்றேன்.

"சொன்னாரு மாப்ள. டாக்டர்மாரு அப்படித்தான் சொல்லுவாவ. நீ நம்புன, நான் நம்பல. அவ்வளவுதான்." பிறகு அக்காவிடம், "தம்பிக்குக் கேசு வந்தா லைசென்ஸ் போயிரும். மேயில ஸ்திரம் ஆவுத பையன். அவனும் எனக்குப் பிள்ளதான? ரெண்டு பிள்ளையில ஒருத்தனுக்கு கால் ஒடிஞ்சிருக்கு, இன்னொருத்தனுக்கு பொழப்பே ஒடிஞ்சிரக் கூடாதுன்னு..."

"நம்பலைன்னா என்னைய எதுக்கு வெளிய அனுப்புனீங்க?"

அத்தான் உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டரு சொன்னத நம்புனதுனாலதான் அனுப்புனீங்க. இவனையும் அனுப்புனீங்க. ஜீப்பு புடிக்க." அவள் குரல் உயரவில்லை. வராந்தாவில் பிளாஸ்கோடு போய்க்கொண்டிருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "மூட்டையத் தூக்கிக்கிட்டு நான் ஓடியாந்தேன் பாருங்க, ஏத்தத்துல ஏறி, எறக்கத்துல எறங்கி. எனக்குத்தான் அன்னைக்கு மூச்சு முட்டுச்சு. வந்ததும் ஒங்க மூஞ்சியத்தான் மொதல்ல பாத்தேன். சாமி மாதிரி நின்னீங்க."

அத்தான் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து பையன், "அப்பா, ஹார்லிக்ஸ் தெறக்கட்டுமா?" என்று கேட்டான். அக்கா உள்ளே போய்த் திறந்து கொடுத்தாள்.

போலீசுக்குப் போகலாமா என்று பிறகு அவளிடம் கேட்டேன். பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு வழி தெரியும். வேண்டாம் என்றாள். "அந்தப் பய என்ன செஞ்சான்? வளைவுல சக்கரம் எறங்கிருச்சு. அது யாருக்கும் நடக்கும்" என்றாள். நான் எழுதவும் இல்லை. ஒரு தோட்டத்துச் சிறுவன் காயமடைந்து பிழைத்தது எங்கள் நாளிதழில் மூன்று வரிகூட வாங்காது.

அத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்ஸிலேயே தோட்டத்துக்குப் போனார். கட்டு பிரிக்கிற நாளில் வந்தார். வீட்டுக்கு அழைத்துப் போக ஜீப் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பையன் ஊன்றுகோலோடு பத்தடி நடந்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தான். அடிபட்ட பக்கத்து நுரையீரலின் அடிப்பகுதி இனி அப்படித்தான் இருக்கும், ஏற்றம் ஏறினால் தெரியும் என்றார் டாக்டரம்மா.

அக்கா அந்த ஜீப்பில் ஏறவில்லை. ஜூன் மாதம் அவனைப் போடியில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பில் சேர்த்தோம்.